கம்ப்ரஸர் ஓடிய பகல்

பழைய கார் வாங்கப் போகிறேன் என்றதும் இன்ஜினைப் பார், டயரைப் பார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏசியைப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாங்கியது தை மாதம். கள்ளக்குறிச்சியில் தை மாதத்தில் ஏசி போட்டுப் பார்க்க எவருக்கும் தோன்றாது. மாசி முடியும்போது முதல்முறையாக அந்தப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, காற்றும் வந்தது. சோறு வடிக்கும்போது முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று என்னிடம் படித்த பிள்ளைகள் சொல்வார்கள், படிக்காதவர்களும் சொல்வார்கள். அந்தக் கோபத்தோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஏசி மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அவர் கடைப் பலகையில் 'கார் ஏசி, பிரிட்ஜ், வாட்டர் கூலர்' என்று பெரிய எழுத்திலும், அதற்குக் கீழே 'ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும்' என்று சின்ன எழுத்திலும் இருந்தது. ஐஸ் பெட்டி என்றால் சாவு வீட்டில் உடலை வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட பெட்டி. அதைப் படித்து நான் முகம் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ரெண்டுக்கும் ஒரே கேஸ்தான் டீச்சர். உசுரோட இருக்கறவங்களுக்குக் கார்ல போடறேன், இல்லாதவங்களுக்குப் பொட்டில போடறேன். குளுரு ஒன்னுதான்."

முன்பக்கத்தைத் திறந்து, குழாய்களில் மீட்டரை மாட்டி, ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஏசியைப் போட்டால் கம்ப்ரஸர் 'டக்' என்ற சத்தத்தோடு பிடித்துச் சுற்ற வேண்டுமாம். சத்தமே வரவில்லை.

"கம்ப்ரஸர் எடுக்கல டீச்சர். கேஸ் இல்ல."

"கேஸ் போடுங்க."

"கம்ப்ரஸர் எடுத்தாத்தான் கேஸை உள்ள இழுக்கும்."

"அப்ப அதை எடுக்க வைங்க."

"கேஸ் இருந்தாத்தான் அது எடுக்கும்."

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பதில் சொல்லியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். ஆனால் மனிதர் உள்ளதைத்தான் சொன்னார். குழாயில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. கேஸ் குறைந்துபோனால் அது கம்ப்ரஸருக்குப் போகிற கரண்டை நிறுத்திவிடும். கேஸும் அதோடு சேர்ந்து ஓடுகிற ஆயிலும் இல்லாமல் சுற்றினால் கம்ப்ரஸர் கெட்டுப்போகும் என்பதால் அந்த ஏற்பாடு. கேனிலிருந்து கேஸ் தன் வேகத்தில் கொஞ்சம் போகும்; வயதாகிப்போன அந்த ஸ்விட்சுக்கு அந்தக் கொஞ்சம் பத்தாது. நீ வந்து அழைத்தால்தான் வருவேன் என்று ஒரு சம்பந்தியும், நீ வந்தால்தான் அழைப்பேன் என்று இன்னொரு சம்பந்தியும் முறுக்கிக்கொண்டு நிற்கிற கல்யாணம் மாதிரி இருந்தது.

"ஸ்விட்ச ஏமாத்தலாம்," என்று குரலைத் தாழ்த்தினார். "அதுக்குப் போற ரெண்டு ஒயரையும் ஒன்னா சேத்துட்டா கம்ப்ரஸர் ஓடும். ஓடும்போதே கேஸை ஏத்திடலாம். ஆனா நடுவுல கம்ப்ரஸர் கெட்டுப் பூட்டுச்சின்னா என்னைச் சொல்லக்கூடாது."

"ஏமாத்தற வேலையெல்லாம் வேணாம். ஒழுங்கா செய்ங்க," என்றேன்.

ஒழுங்காகச் செய்வதென்றால் புது ஸ்விட்ச் போட வேண்டும். அது சேலத்திலிருந்து வர வேண்டும். பங்குனி முழுக்க அது வந்துகொண்டே இருந்தது. சித்திரையிலும் வந்துகொண்டிருந்தது. சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் அது நடந்தே வந்திருந்தால்கூட என் வாசலில் நின்றிருக்கும்.

இந்த உலகத்தில் என் காரின் ஏசி ஓடாததில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் பெரியப்பா. கோமுகி அணை தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர். உச்சி வெயிலில் நாளெல்லாம் கழனியில் நிற்பார், ஒன்றும் செய்யாது. ஃபேன் காற்று மட்டும் முகத்தில் பட்டுவிடக் கூடாது. தும்மல், மண்டையிடி, கஷாயம், அதோடு வீட்டில் எல்லோருக்கும் திட்டு. தெரியாமல் ஒரு முறை ஏசி பஸ்ஸில் ஏறிவிட்டு, உளுந்தூர்பேட்டையில் கண்டக்டரோடு சண்டை போட்டு இறங்கியவர்.

கண் ஆஸ்பத்திரிக்கு அவரை என் காரில் அழைத்துப் போனேன். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ராஜா மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வியர்வையில் நனைந்துபோய் ஓட்டினேன்.

"இதாம்மா காரு," என்றார்.

அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி அதுதான். "இன்னாம்மா, ஏசி சரியாச்சா?" இல்லை பெரியப்பா என்பேன். "நல்லதாப் போச்சி, உடு." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என் அப்பா போன பிறகு, சாப்பிட்டாயா, வண்டி ஓடுகிறதா என்று என்னைக் கேட்க மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். அந்த எரிச்சலுக்காகவே போனை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

கத்திரி ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்விட்ச் வந்துவிட்டது என்று மெக்கானிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வந்திருந்தது வேறு ஏதோ காருடைய ஸ்விட்ச். திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அப்போது என் போன் அடித்தது. பெரியப்பாவின் தம்பி, என் சித்தப்பா.

"பெரிப்பா பூட்டாரும்மா. தூக்கத்துலயே. விடிஞ்சி எழுப்பப் போனா, இல்ல."

நான் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போனும் அடித்தது. பேசிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க வூட்லருந்துதான் டீச்சர். பொட்டி கேக்கறாங்க."

பெட்டி திருக்கோவிலூரில் ஒரு சாவு வீட்டில் இருந்தது. அங்கே எடுத்ததும் குட்டியானை வண்டியில் ஏற்றி எங்கள் ஊருக்கு அனுப்பச் சொன்னார். தானும் கூட வருவதாகச் சொல்லி, பெட்டிக்குத் தேவைப்படலாம் என்று மீட்டரையும் ஒரு கேஸ் கேனையும் தூக்கிக்கொண்டு என் காரில் ஏறினார். வழியெல்லாம் கண்ணாடி இறங்கியே இருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் புழுதியைக் குடித்துக்கொண்டு ஓட்டினேன். அழுகை வரவில்லை. வேறு காருடைய ஸ்விட்ச் மேல்தான் கோபமாக வந்தது.

எங்கள் பங்காளி வகையில் செத்தவரைப் படுக்க வைக்கிற வழக்கம் இல்லை. குளிப்பாட்டி, தலைப்பாகை கட்டி, நாற்காலியில் உட்கார வைத்துவிடுவோம். பாடையிலும் உட்கார்ந்துதான் போவார். படுத்துப் போவது நோயாளி என்பார்கள். நான் போனபோது பெரியப்பா பந்தலில், மாலையோடு, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சாயத்து பேசக் கூப்பிட்டால் உட்காருவாரே, அதே தோரணை. பக்கத்தில் பெரியம்மா தரையில் கிடந்தார்.

அவர்களுடைய ஒரே மகள் புனேயில் நர்ஸாக இருக்கிறாள். எனக்கு அக்கா. கிடைத்த விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து காரில் வர வேண்டும். எப்படி வந்தாலும் பொழுது சாயும் நேரம் ஆகிவிடும். அதுவரை இந்த வெயிலில் முகம் முகமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் ஐஸ் பெட்டி.

உச்சிப்பொழுதில் பெட்டி வந்து இறங்கியது. பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். அவர் படுக்கவில்லை. காலையிலிருந்து நாற்காலியில் இருந்தவர் அந்த வாக்கிலேயே விறைத்துப்போயிருந்தார். முதுகு பெட்டியில் கிடந்தது. முழங்கால்கள் இரண்டும் மேலே நின்றன. கண்ணாடி மூடி முழங்காலில் இடித்துக்கொண்டு நின்றது.

எங்கள் வழக்கத்தையும் ஐஸ் பெட்டியையும் சேர்த்து யோசித்துப் பார்த்தவர் ஊரில் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருக்களித்து வைக்கலாம் என்றார் ஒருவர், அகலம் பத்தவில்லை. கொஞ்சம் அழுத்தலாம் என்று இன்னொருவர் முழங்காலில் கை வைத்தார். தரையில் கிடந்த பெரியம்மா எழுந்து வந்துவிட்டார்.

"அவரு முட்டிவலிக்காரரு! எவனாச்சும் கைய வெச்சிப் பாருங்க!"

இடைவெளியைப் போர்வையால் மூடிப் பார்த்தார்கள். மெக்கானிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "குளுரெல்லாம் வெளிய போய்க்கினு இருக்குது. பந்தலுக்குத்தான் ஏசி ஓடுது." உண்மையிலேயே பெட்டியின் அருகில் நின்றவர்கள் நகர மறுத்தார்கள்.

பெரியப்பா மறுபடியும் நாற்காலிக்கு வந்தார். சித்தப்பா வானத்தைப் பார்த்தார். "இனிமே தாங்காது. கொஞ்ச நேரத்துல எடுத்துரலாம்," என்றார். அந்த நேரத்தில்தான் அக்கா போன் செய்தாள். விமானத்திலிருந்து இறங்கிவிட்டாளாம், கார் ஏறிவிட்டாளாம். சித்தப்பா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சித்தப்பா, அப்பா மொகத்தப் பாக்காம எடுத்துறாதீங்க. உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன்."

அவர் போனை வைத்துவிட்டு, மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"உக்காந்த மேனிக்கே குளுரு வெக்கணும்," என்று மெக்கானிக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு புளியமரத்தடியைப் பார்த்தார். அவர் பார்த்த பக்கம் எல்லோரும் பார்த்தார்கள். அங்கே என் கார் நின்றிருந்தது.

"அது ஓடாதே," என்றேன்.

"ஸ்விட்ச ஏமாத்திரலாமா டீச்சர்?"

கம்ப்ரஸர் கெட்டால் கெட்டுப்போகட்டும். "ஏமாத்துங்க," என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பாவை நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, இடப்பக்கக் கதவு வழியாக அவரை உள்ளே இறக்கினார்கள். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தினார். ஆம்பளை யாராவது ஸ்டியரிங்கில் உட்காருங்கள் என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஏறி ஸ்டார்ட் செய்ததும் கார் கீங் கீங் என்று கத்தத் தொடங்கியது. பக்கத்து சீட்டுக்காரர் பெல்ட் போடவில்லையாம். மாலைக்குக் கீழே விட்டுப் பெரியப்பாவுக்குப் பெல்ட் மாட்டினேன். கத்தல் நின்றது.

மெக்கானிக் ஸ்விட்சின் ஒயரைப் பிடுங்கினார். ஒயர் முனையில் இருந்த இரண்டு ஓட்டைகளையும் இணைக்க ஒரு துண்டுக் கம்பி வேண்டும். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கட்டுக்கம்பியில் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார்கள். கேஸ் கேனைச் சூட்டில் வைத்தால் சுறுசுறுப்பாக ஏறும் என்றார். காலையில் பெரியப்பாவைக் குளிப்பாட்டிய அண்டாவில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் மிச்சமிருந்தது. ஒரு வாளி மொண்டுவந்து அதில் கேனை நிறுத்தினார்கள். 'டக்' சத்தம் கேட்டால்தான் தெரியும் என்று அவர் சொன்னதும், சித்தப்பா கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார். ஒப்பாரி நின்றது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கம்ப்ரஸரைக் கவனித்தது.

கம்பியை வளைத்துச் செருகினார்.

டக்.

கூட்டத்திலிருந்து ஒரு 'ஆ' எழுந்தது. இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பெரியப்பா கைதட்டுவார். "ஆக்ஸிலேட்டர மிதிச்சிக்கினே இருங்க டீச்சர்!" என்று மெக்கானிக் கத்தினார். நான் மிதித்தேன். கேஸ் ஏற ஏற, வாளியில் இருந்த கேனைக் கையால் தடவிக்கொடுத்தார். ஏசி துவாரத்திலிருந்து வந்த சூடு குறைந்தது, பிறகு சில்லென்று ஒரு காற்று வந்தது. மாசியிலிருந்து நான் ஏங்கிக் கிடந்த காற்று. உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று நினைவு வந்து வெட்கப்பட்டேன். முகம்தானே கெடக்கூடாது என்று, இடப்பக்கத்துத் துவாரங்களை நேராகப் பெரியப்பாவின் முகத்துக்குத் திருப்பி வைத்தேன்.

கட்டுக்கம்பியை எடுத்தால் மறுபடி நின்றுவிடும் என்பதால் அது அப்படியே இருந்தது. கண்ணாடிகளை ஏற்றியதும், துக்கம் காருக்குள் நடக்க ஆரம்பித்தது. வந்தவர்கள் வெளியிலிருந்து கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தார்கள். நெருங்கிய உறவுப் பெண்கள் பின்சீட்டில் ஏறி, முன்சீட்டைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வெளியே கத்திரி வெயில், உள்ளே ஊட்டி. செய்தி எப்படியோ பரவிவிட்டது. ஒரு மணி நேரத்தில் பின்சீட்டுக்கு வரிசை நின்றது. பெரியப்பாவோடு வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாதிருந்த ஒரு அத்தை உள்ளே ஏறி வெகு நேரம் அழுதாள். அழுகை நின்ற பிறகும் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா கதவுக்குக் காவல் நின்றார். "கதவச் சாத்துங்க! குளுரு போவுது!" அண்ணனை இழந்த மனிதர், அந்தப் பகல் முழுக்க அழ நேரமில்லாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கச்சிராயபாளையத்திலிருந்து ஒருவர் கேனில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றினார். கூட்டத்தில் நாலைந்து பேர் மெக்கானிக்கை ஓரமாக அழைத்துப்போய்த் தங்கள் வீட்டு பிரிட்ஜ் சமாசாரம் கேட்டார்கள்.

நான் ஸ்டியரிங்கிலிருந்து நகரவில்லை. பின்சீட்டில் ஆள் இல்லாத ஒரு நேரத்தில் நானும் பெரியப்பாவும் மட்டும் இருந்தோம். "ஏசி சரியாயிடுச்சி பெரியப்பா," என்று சொன்னேன். அவர் பேசாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம்.

மலைமுகட்டில் வெயில் இறங்கியபோது அக்காவின் கார் வந்தது. இறங்கியதும் அவள் பந்தலுக்குத்தான் ஓடினாள். நாற்காலி காலியாக இருந்தது. எடுத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. சித்தப்பா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, ஒன்றும் விளக்கத் தெரியாமல், காரைக் காட்டினார்.

அவள் வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தாள். நர்ஸ் அல்லவா, எத்தனையோ சாவைப் பார்த்தவள். அழவில்லை. பெல்ட்டைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டிருந்த துவாரத்தைப் பார்த்தாள். கை நீட்டி அதைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினாள். அடுத்த துவாரத்தை மூடினாள்.

"யாருடி இத இப்படி வெச்சது?" என்று என்னிடம் சீறினாள். "அப்பாவுக்கு மூஞ்சிக்கு நேரா காத்து வந்தா ஆவாதுன்னு உனக்குத் தெரியாதா? மண்டையப் புடிச்சிக்காதா?"

தன் துப்பட்டாவை எடுத்து, தலைப்பாகைக்கு மேலே, அவர் காது இரண்டையும் மூடிச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு போட்டு முடித்த பிறகுதான் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள். நானும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன்.

கதவு அகலத் திறந்தே கிடந்தது. குளிர் முழுக்க வெளியே போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், சாத்தச் சொல்லவில்லை. நான் கையை நீட்டி ஏசியை அணைத்தேன். பிறகு அவர் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டேன்.